காற்று எடுக்க இரண்டு பேர்

அவர் தன் பழைய டிராக்டருக்குப் ‘பெரியம்மா’ என்று பேர் வைத்திருந்தார். வளைவில் திரும்பும்போதெல்லாம் முனகும். மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் முனகுவதற்கு வேறு யாரும் இல்லை. தூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் போன் செய்வாள். “சாப்பிட்டியாப்பா?” என்பாள். “ஆச்சு” என்பதற்குள் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும்.

போன மழைக்காலத்தில் பவர் ஸ்டியரிங் நிஜமாகவே கெட்டது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் சீட்டில் உட்கார்ந்து சக்கரத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்ப, மெக்கானிக் எண்ணெய்த் தொட்டியில் நுரையைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தான்.

“இன்னும், மாமா, இன்னும்! என்ன, சக்கரத்துக்கு வலிக்குமா? நல்லா திருப்புங்க!”

அன்று முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அதற்கப்புறம் வீடு ரொம்ப அமைதியாகிப்போனால், பம்புக்குப் போகும் குழாயின் கிளிப்பை லேசாகத் தளர்த்திவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுவார்.

இன்றும் வந்தான். “பெரியம்மாவுக்கு இன்னிக்கு என்ன சீக்கு?” என்று கேட்டபடி குனிந்தவன், வெகுநேரம் நிமிரவில்லை.

“மாமா, உங்க வீட்டு எலிக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியுமா?”

அவருக்கு முகம் சுண்டிப்போனது. கிளிப்பின் தலையில் புதுக் கீறல்கள் பளபளத்தன.

“விளையாட்டில்ல மாமா. காத்து குடிச்சுக் குடிச்சு பம்ப் உள்ளே தேஞ்சு போச்சு. இந்த மாடலுக்கு எங்கயும் பம்ப் கிடைக்காது. கழட்டிட்டு பம்ப் இல்லாத சாதா ஸ்டியரிங் போட்டுடறேன், கை பலத்துலதான் திருப்பணும். இனி எந்தத் தொந்தரவும் வராது.”

காயலான் கடையில் தேடிப் பிடித்த ஸ்டியரிங் பெட்டியோடு சாயங்காலம் திரும்பி வந்து மாட்டினான்.

“நான் ஏறி உட்காந்து திருப்பட்டுமா?”

“எதுக்கு? இதுல காத்து எடுக்கற வேலையே இல்லையே.”

கை துடைத்துக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தவனிடம், இத்தனை நாளும் கேட்காமல் வைத்திருந்ததை அவர் கேட்டுவிட்டார்.

“ஒரு நாள் சும்மா வாயேன்ப்பா.”

“சும்மாவா?” அவன் சிரித்தான். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். “சும்மா வர நமக்கு எங்க மாமா நேரம்? ஏதாவது கோளாறுன்னா கூப்பிடுங்க, ஓடி வந்துடறேன்.”

பைக் போய்விட்டது. பெரியம்மாவைக் கொட்டகைக்குள் விட வேண்டும். ஏறி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்தார். கல்லைப் புரட்டுவது மாதிரி இருந்தது, பாதியில் நின்றுவிட்டது. ஒரு கை கொடுக்க யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு, மறுபடி பல்லைக் கடித்துத் திருப்பினார்.