நகராத கொக்கி

பெரியவருடைய வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதைத் திருத்துவது கிடையாது. சொல்லுக்கு ஒத்துவராத பொருளைத்தான் திருத்துவார்கள். புது அலமாரி மாடிப்படி வழியாக ஏறும் என்று ஒருமுறை சொன்னார். ஏறவில்லை. படியின் கைப்பிடியை அறுத்தார்கள், அலமாரி ஏறியது, சொல் நின்றது. அன்று முதல் அந்த வீட்டார் சுவரைத் தடவிக்கொண்டுதான் மாடிக்குப் போகிறார்கள். குடும்ப கௌரவத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி என்ன பெரிய விஷயம்.

இப்படிப்பட்டவரிடம், வெகுகாலத்துக்கு முன்பு தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, தங்கையின் கணவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். "மச்சான், ரூமை விட்டு வரும்போது ஃபேனை நிறுத்திட்டு வரக் கூடாதா?" கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்கப்பட்டவர் சாதாரண ஆள் இல்லையே. பையை எடுத்தார், செருப்பை மாட்டினார், இனி இந்தக் கூரைக்குக் கீழே தலை சாய்க்க மாட்டேன் என்று வாசலில் நின்று அறிவித்துவிட்டுக் கிளம்பினார். அப்போதும் ஃபேனை நிறுத்தவில்லை என்பது தங்கை கணவர் தரப்பு வாதம்.

அதன் பிறகு ஆண்டுதோறும் தங்கைதான் அண்ணனைப் பார்க்க வந்து போனாள். இந்த முறை அவளுக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. "அண்ணே, இனிமே அவ்வளவு தூரம் என்னால உட்கார்ந்து வர முடியாது. நீ வந்து நாலு நாள் என்கூட இரு. இல்லன்னா கடைசி வரைக்கும் போன்லதான் பேசிக்கணும்" என்றாள் தொலைபேசியில்.

பெரியவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. போகவேண்டும், சொல்லும் நிற்கவேண்டும். வேறு யாராவது என்றால் வெட்கத்தை விட்டுத் தலையணையோடு போய் இறங்கியிருப்பார்கள். பெரியவர் ஒரு வீட்டையே வாங்கினார். சக்கரம் வைத்த வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள பழைய ட்ரெய்லர். தங்கை வீட்டு வாசலில் நிறுத்தி, தன் கூரைக்குக் கீழே தான் படுத்துக்கொள்வார். இழுத்துப் போக ஒரு பிக்கப் வண்டி மட்டும்தான் பாக்கி.

விற்பனைக் கூடத்தில் டை கட்டியிருந்தவர் பொறுமைசாலி. இந்த வகை ட்ரெய்லரின் கழுத்து வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள்ளேயே வந்து உட்காரும் என்பதால், தொட்டியின் நீளம் முக்கியம் என்று விளக்கினார். எட்டடித் தொட்டி என்றால் எவ்வளவு ஒடித்துத் திருப்பினாலும் கவலையில்லை. ஐந்தரை அடித் தொட்டியில், குறுகலான திருப்பத்தில், ட்ரெய்லரின் தோள் வந்து ஓட்டுநர் கேபினின் பின்கண்ணாடியை இடிக்கும்.

பெரியவர் ஐந்தரை அடியைத் தேர்ந்தெடுத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுக்காரரின் நீள வண்டி கொட்டகைக்குள் அடங்காமல் தெருவில் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை இவர் தெருவே கேட்கும்படி 'வால்' என்று அழைத்துவந்தவர். எங்கள் வீட்டு வண்டி எங்கள் கதவுக்குள்தான் நிற்கும் என்று அதே தெருவுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். தன் வீட்டுக் கொட்டகையை நீட்டலாமே என்றால், முதலில் குட்டையாகக் கட்டிவிட்டோம் என்று ஆகிவிடும். அதைக் கட்டச் சொன்னவர் யார் என்பதை வீட்டில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

டைக்காரர் விடவில்லை. ட்ரெய்லரை மாட்ட, குட்டைத் தொட்டிக்கென்றே நகரும் கொக்கி இருக்கிறது. திரும்பும்போது கொக்கி பின்னால் சறுக்கி இடம் கொடுக்கும், நேரானதும் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்றார்.

"நிக்கிற இடத்துல நிக்காத கொக்கி எதுக்கு?" என்றார் பெரியவர்.

"வளைஞ்சு குடுக்கறதெல்லாம் எங்க வீட்டுல ஆகாதுங்க. நீங்க நகராததையே குடுங்க" என்று டைக்காரரிடம் சொன்னாள் மனைவி. அதைப் பெரியவர் புகழுரையாக எடுத்துக்கொண்டார்.

பயணம் அமர்க்களமாக நடந்தது. நெடுஞ்சாலையில் திருப்பமே இல்லை. குட்டைத் தொட்டியைக் குறை சொன்னவர்களைப் பற்றிப் பெரியவர் வழி நெடுகப் பேசினார். மனைவி வழி நெடுகத் தூங்கினாள்.

மாலையில் தங்கை வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் சாலை ஒடுங்கியது. அவள் வீட்டு வாயிலுக்குள் நுழையத் தெருவிலிருந்து செங்குத்தாகத் திரும்பவேண்டும். உள்ளே போனதும் தகரம் வேய்ந்த கார் நிறுத்தம், அதன் பக்கத்தில் திறந்த முற்றம். தங்கை கணவர் வெளியே வந்து, வண்டியையும் வாயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெருவிலேயே போட்டுடுங்க மச்சான். உள்ள திரும்பாது."

தெருவில் போடுவதா? வாசலுக்கு வெளியே, வழிப்போக்கனைப் போல, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும்படி. ஜன்னலில் தங்கையின் முகம் தெரிந்தது. பெரியவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார்.

வண்டி திரும்பியது. வண்டி திரும்பிய அளவுக்கு ட்ரெய்லர் திரும்பவில்லை. டைக்காரர் சொன்ன தோள், சொன்ன கண்ணாடியில், சொன்னபடியே வந்து இடித்தது. கண்ணாடி கல்கண்டாக உதிர்ந்து பின்சீட்டில் கொட்டியது. ட்ரெய்லரின் மூலை கேபின் சட்டத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ட்ரெய்லர் வாயிலில் குறுக்காகச் செருகி நின்றது. அதன் ஒரே கதவு மதில் தூணோடு ஒட்டிக்கொண்டது.

மனைவி கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு இறங்கினாள். "நல்லா காத்து வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு நாத்தனாரைப் பார்க்க உள்ளே போனாள். அவள் எந்தக் கூரை மீதும் சபதம் செய்தவள் இல்லை.

மீட்பு வண்டிக்காரர்கள் காலையில்தான் வர முடியும் என்றார்கள். சொந்த வீட்டுக்குள் நுழைய வழியில்லை. பெரியவர் முன்சீட்டைச் சாய்த்து, இங்கேயே படுத்துக்கொள்வதாகத் தெரிவித்தார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிக்கப் நின்றது கார் நிறுத்தத்துக்குள். தலைக்கு மேலே தங்கை வீட்டுத் தகரக் கூரை.

தங்கை நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அண்ணன் கூரையைப் பார்ப்பதையும் பார்த்தாள். அவர் மெல்ல இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, ட்ரெய்லருக்கும் தூணுக்கும் நடுவே தெருவுக்குப் போக வழி இருக்கிறதா என்று அளந்தார்.

"இப்பவும் பையைத் தூக்கிட்டியா அண்ணே?" என்றாள். "போயிடு. ஆனா என்னால பின்னாடி நடந்து வந்து கூப்பிட முடியாது. அன்னிக்குத் தெருமுனை வரைக்கும் வந்தேன். நீ திரும்பியே பார்க்கல."

பெரியவருக்கு இது தெரியாது. பை கையிலேயே இருந்தது. கால் நகரவில்லை.

தங்கை கணவர் வீட்டுக்குப் பின்னால் போனார். ஏணியோடும் ஸ்பேனரோடும் திரும்பி வந்தார். ஏறி, பிக்கப்புக்கு மேலே இருந்த தகரங்களின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். துருப்பிடித்த போல்ட்டுகள், நேரம் எடுத்தது. பெரியவர் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டார். தகரம் இறங்கியது. மேலே வெறும் வானம்.

"இப்ப மேல என்னோடது எதுவும் இல்ல, மச்சான். படுங்க" என்றார் தங்கை கணவர், கையைத் துடைத்தபடி.

கொள்கையளவில் குறை சொல்ல எதுவுமில்லை. பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பரிசோதித்தார். சபதம் முழுதாக இருந்தது. கண்ணாடியும் கூரையும்தான் இல்லை. முன்சீட்டில் ஏறிச் சாய்ந்தார். தங்கை நாற்காலியைப் போடச் சொல்லி வண்டிக் கதவோரம் உட்கார்ந்தாள்.

"புழுக்கமா இருக்கே மாப்ள" என்றார் பெரியவர், வானத்தைப் பார்த்து.

தங்கை கணவர் உள்ளே போய் ஒரு மேசை ஃபேனைக் கொண்டுவந்தார். நீள ஒயரை இழுத்துவிட்டு, வண்டியின் திறந்த ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"ராத்திரி பூரா ஓடட்டும் மச்சான். நிறுத்தவே வேணாம்."