மனோங் பெலோவின் சாப்பாட்டு வேளை

அன்று காலையிலிருந்து மனோங் பெலோவின் வயிற்றுக்குள் போனது ஒரு கோப்பை கறுப்புக் காப்பி மட்டும்தான். அதுவும் விடிகாலை ஐந்து மணிக்கு, நின்றபடியே குடித்தது. ஆறேகாலுக்கு மலையடிவாரத்திலிருந்து காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார். அதை இறக்கிவிட்டுக் கையைக் கழுவுவதற்குள் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து என்று அழைப்பு. அடிபட்டவனை மாகாணப் பெரிய ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பியபோது மணி ஒன்றே கால். வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் இருக்கும்போதே வயர்லெஸ் கரகரத்தது. கடற்கரைக் குடியிருப்பில் ஒரு பெண்மணி பரணிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாளாம்.

"ஒரு வாய் சோறாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமா, மனோங்?" என்று கேட்டாள் ரொவேலா. ஆம்புலன்சில் அவரோடு போகும் நர்ஸ், இருபத்தேழு வயசு. அவருக்கு அவள் இண்டாய், அதாவது தங்கச்சி.

"வந்து சாப்பிட்டுக்கலாம், இண்டாய். கை முறிஞ்சவ காத்திருக்கா. சோறு எங்கேயும் ஓடிடாது."

பந்தாயன் ஊர் ஆஸ்பத்திரிக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அதைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டி வந்தவர் இசபெலோ. ஊருக்கே மனோங் பெலோ. அங்கே அண்ணனுக்கு மனோங், அக்காவுக்கு மனாங். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு வயிறே கிடையாது என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வார்டுக்காரர்கள் அவருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

கையை முறித்துக்கொண்டவள் கொன்சோர்சியா. சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள், அறுபத்து மூன்று வயசு. கருவாடு காயவைத்த மூங்கில் பரணில் ஏறி, வழுக்கி, இடது மணிக்கட்டில் விழுந்திருந்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தாலும் வாய் ஓயவில்லை. ரொவேலா கைக்கு அட்டை வைத்துக் கட்டும்போது, "மெதுவா, இண்டாய், அது கருவாடு இல்ல, கை," என்றாள். சாயங்காலம் பேத்திக்குக் கொடுக்க, பசையரிசியைத் தென்னங்குருத்தில் சுற்றி அவித்து வைத்திருந்த இபோஸ் பொட்டலத்தையும் நாலு மாம்பழத்தையும் கூடவே தூக்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். விட்டுவிட்டுப் போனால் பக்கத்து வீட்டு நாய் தின்றுவிடுமாம்.

கடற்கரைச் சாலை தேவாலயத்தின் முன்னால் இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போனால் ஆஸ்பத்திரி. மனோங் பெலோ அந்த இடத்தில் எத்தனை ஆயிரம் முறை திரும்பியிருப்பாரோ. அன்று இடப்பக்கம் திரும்பினார்.

ரொவேலா நோயாளியின் நாடியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். அவளும் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவள் கொன்சோர்சியாதான். அவளைவிட இளைய ஆம்பளைகள் எல்லாரும் அவளுக்குத் 'தோ', அதாவது தம்பி.

"ஏன் தோ, கை முறிஞ்சா நேரா கல்லறைக்கேவா கூட்டிட்டுப் போவீங்க? ஆஸ்பத்திரிப் பக்கமும் ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டுப் போகலாமே!"

பெலோ பிரேக்கை மிதித்தார். எதிரே கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு. ஓரத்தில் பெரிய வாதுமை மரம். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தேவாலயத்தைத் தாண்டியது அவருக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் பள்ளிக்கூடம், வேகத்தடை, ரொட்டிக்கடை, ஒன்றும் நினைவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரை யார் ஓட்டினார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்று நினைத்ததும் பக்கக் கண்ணாடியில் வந்த வழியைப் பார்த்தார். மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிற நேரம் அது.

"கை நடுங்குது, இண்டாய்," என்றார், யாரோ வேறொருவருடைய கையைப் பற்றிச் சொல்வதுபோல.

ரொவேலா முன்பக்கம் ஓடி வந்து அவர் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள். சர்க்கரை ஐம்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது.

"இறங்குங்க, மனோங். உடனே படுக்கணும்."

"எங்கே படுக்க? உள்ளே நோயாளி இருக்காங்களே."

"நோயாளிக்குக் கைதான் முறிஞ்சிருக்கு, உட்காருற இடம் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிக்கொண்டே கொன்சோர்சியா ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து பக்கவாட்டு இருக்கைக்கு மாறினாள். "வா, தோ. வந்து படு. வெக்கப்படாதே, நான் பார்க்காத ஆம்பளையா?"

ஆக, கல்லறை வாசலில் வாதுமை நிழலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சரில் டிரைவர் படுத்திருந்தார். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையாலும் பல்லாலும் தென்னங்குருத்தைப் பிரித்து, இபோஸைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். ரொவேலா மாம்பழத்தை அறுத்துத் தந்தாள். முதல் மாம்பழத் துண்டு நாக்கில் பட்டதும் மனோங் பெலோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

வயர்லெஸ்ஸில் ரொவேலா சொன்னாள்: "வண்டி இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இங்கேயே நிக்கும். நோயாளிக்கு ஆபத்து இல்ல."

"என்னாச்சு? எஞ்சின் கோளாறா?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர்."

கொன்சோர்சியா ரொவேலாவையும் விடவில்லை. "நீ என்ன சாப்பிட்டே?"

"காலையில காப்பி, மனாங்."

"இந்தா, நீயும் தின்னு. பேத்திக்கு நாளைக்கு அவிச்சுக்கலாம்."

அரை மணி கழித்து, சர்க்கரை ஏறி, நடுக்கம் நின்ற பிறகுதான் வண்டி கிளம்பியது. பெலோ ஆஸ்பத்திரிவரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

அதோடு விட்டிருந்தால் அது ஒருநாள் கூத்தாகப் போயிருக்கும். ஆனால் கொன்சோர்சியாவுக்கு மாவுக்கட்டு போட இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரமும் அவள் கண்ணில் பட்ட ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்டாள். எக்ஸ்ரே எடுத்தவன் சாப்பிடவில்லை. மாத்திரை கொடுத்தவள் பாதி ரொட்டி தின்றிருந்தாள். கட்டுப் போட வந்த தலைமை மருத்துவர் பெனில்டாவின் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட் உறை எட்டிப் பார்த்தது. அப்போது மணி மூன்றரை.

"டோக், நான் ஒண்ணு கேக்கட்டா? நான் தினம் பன்னண்டு மணிக்குக் கடையைச் சாத்திட்டு ஒரு மணி நேரம் சாப்பிட்டுப் படுப்பேன். இத்தனைக்கும் என் கடையில கிடக்கிறது எல்லாம் செத்த மீனு. நான் கண்ணசந்தா அதுக்கு ஒரு கேடும் வராது. நீங்க உயிரோட இருக்கிறவங்களைத் தொட்டு வேலை செய்யறீங்க. நீங்க பட்டினியா?"

பெனில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, "ஆள் இல்லையே, மனாங். மனோங் பெலோ சாப்பிட உட்கார்ந்தா வண்டியை யார் எடுப்பா?" என்றாள்.

"சந்தைக்கு எதிரே தீயணைப்பு நிலையம் இருக்கு. மீட்பு வண்டி புதுசா பளபளன்னு நிக்குது. கோரியோவும் அவன் கூட்டாளிங்களும் பகலெல்லாம் சதுரங்கம் ஆடுறாங்க. முதலுதவியெல்லாம் படிச்சவங்கதானே? நான் தினமும்தான் பார்க்கிறேன். கேட்டுப் பாருங்க."

இதை எப்படி இத்தனை நாள் நினைக்காமல் விட்டோம் என்று பெனில்டாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பசியோடு இருக்கிறவர்களுக்கு யோசிக்க எங்கே நேரம்? மறுநாளே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுவரை வருகிற அழைப்புக்கெல்லாம் அவர்கள் வண்டி போகும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை அவர்கள் சாப்பிட, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். வார்டிலும் இருவர் இருவராக, பொறுப்பை வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். உயிர் போகிற அவசரம் தவிர வேறு எதற்கும் சாப்பிடுகிறவர்களைக் கூப்பிடக் கூடாது.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் முதலில் எதிர்த்தது மனோங் பெலோதான்.

"எனக்கு வேண்டாம், டோக். மத்தவங்களுக்கு வச்சுக்குங்க."

"ஏன், மனோங்?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். சாப்பாட்டுக் கடையில தட்டுல கை வச்சிருந்தேன். அழைப்பு வந்துச்சு. கையைக் கழுவிட்டுத்தான் போனேன். அவ்வளவுதான் தாமதம். அந்த வீட்டுப் பையன் என் வாயோரத்துல ஒட்டியிருந்த சோத்தைப் பார்த்துட்டான். 'எங்கப்பா மூச்சு முட்டிக் கிடக்காரு, நீ தின்னுட்டு வர்றியா'ன்னு கத்தினான். அவங்கப்பா பிழைச்சுட்டாரு. ஆனா அன்னையிலிருந்து வேலை நேரத்துல எனக்குச் சோறு இறங்கறதில்ல."

 ஒட்டகம் என்று பெயர் வைத்த எக்ஸ்ரேக்காரன் தரையைப் பார்த்தான்.

ரொவேலாதான் பேசினாள். "நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு விபத்துல அடிபட்ட பையனோட ரத்த அழுத்தத்தை, காலையில வந்த பிள்ளையோட தாள்ல எழுதி வச்சிருந்தேன். சாயங்காலம்தான் பார்த்தேன். யாரும் அதை நம்பி மருந்து குடுக்கலை. குடுத்திருந்தா?" அவள் பெலோ பக்கம் திரும்பினாள். "மனோங், அந்த வீட்டுப் பையன் உங்களைப் பார்த்துக் கத்தினது சரின்னே வச்சுக்குவோம். ஆனா அன்னைக்கு நீங்க பள்ளிக்கூடத்தைத் தாண்டினது உங்களுக்கே தெரியலையே."

பெலோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "சரி. ஒரு மாசம் பார்ப்போம்," என்றார்.

முதல் நாள் பதினொரு மணிக்கு ரொவேலா வண்டிச் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். பெலோவின் மனைவி பலாக்காயும் துவரையும் போட்ட பன்றிக்கறிக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். நாலே நிமிஷத்தில் தட்டு காலி. பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பல் குத்தினார். எழுந்து ஜன்னலோரம் போனார்.

"உட்காருங்க, மனோங்."

"உட்கார்ந்துட்டுத்தானே இருந்தேன்!"

"இன்னும் அம்பத்தாறு நிமிஷம் இருக்கு."

"அம்பத்தாறு நிமிஷமா? அதுக்குள்ள நான் மாகாண ஆஸ்பத்திரிக்கே போயிடுவேன்."

சாலையில் தீயணைப்பு வண்டி சங்கூதிக்கொண்டு போனது. பெலோ வாசல்வரை ஓடிவிட்டார். சாவி இல்லை என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். குறட்டைச் சத்தம் பக்கத்து வார்டுவரை கேட்டது. பல்வலியோடு வந்திருந்த ஒரு கிழவர், உள்ளே ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் அவர் சோற்றை மென்று தின்றார். ஆறாம் நாள், "இந்தக் குழம்புல புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே," என்றார். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் கணவர் தன் மத்தியானச் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது அதுவே முதல் தடவை. மனைவிக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லையாம்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பதினொன்றே காலுக்கு மலைக்குடியிருப்பிலிருந்து பிரசவ அழைப்பு வந்தது. அந்தப் பாதை பெலோவுக்கு அத்துப்படி. ஆற்றைக் கடக்க இரண்டு துறை உண்டு. மழைக்குப் பிறகு மேல்துறையில் வண்டி இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். வாயில் சோறோடு எழுந்தவர், வண்டியை எடுக்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"கோரியோ, மேல்துறையில இறங்காதே. கீழே மூங்கில் புதர்ப் பக்கம் போ. அங்கே அடியில கல்லு. ரெண்டாம் கியர்லயே போ, நடுவுல நிறுத்தாதே."

"சரி மனோங். நீங்க சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீதியைத் தின்றார். ஆனால் காது வயர்லெஸ்ஸிலேயே இருந்தது. பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது கோரியோவின் குரல் அலறியது.

"பிறந்துடுச்சு! வண்டியிலேயே பிறந்துடுச்சு! ஆம்பளைப் பிள்ளை! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க!"

வார்டே கைதட்டியது. மனோங் பெலோவும் தட்டினார். ஆனால் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன மனோங்?"

"பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கேன், இண்டாய். என் வண்டியில ஒரு பிள்ளைகூடப் பிறந்ததில்ல. எல்லாம் சமர்த்தா ஆஸ்பத்திரி வந்துதான் பிறக்கும். அவனுக்குப் பாரு, ரெண்டாவது வாரமே."

"நீங்க வேகமா ஓட்டுறீங்க, மனோங். பிள்ளைக்கு எங்கே நேரம் குடுக்கறீங்க?"

கோரியோ வண்டியைவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினான். பிள்ளைக்கு கிரெகோரியோ என்று தன் பெயரையே வைக்கப்போகிறார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னான். சமையல்காரியிடம் இரண்டு தடவை சொன்னான்.

"வழி சொன்னது யாரு? அதைக் கேட்டாங்களா?" என்றார் பெலோ.

"கேட்டாங்க, மனோங். சொன்னேனே. அதனால நடுப்பேரு இசபெலோ."

"நெசமாவா?"

"நெசமா. வேணும்னா போய்ப் பாருங்க."

பெலோ சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் கையால் படிய வாரிக்கொண்டு பிரசவ வார்டுப் பக்கம் நடந்தார். பத்தடி போனதும் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு.

"கோரியோ! உன் முறை. போய் உட்கார்ந்து சாப்பிடு. அந்தக் குழம்புல பாதி வச்சிருக்கேன்." பிறகு ரொவேலாவிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடு, இண்டாய். பிள்ளையை ஒரு மணிக்கு மேல பார்த்துக்கலாம்."