குலுங்காத டப்பா

கிடங்கின் பேக்கிங் பிரிவில் அவருக்கு ‘அசையாச் சொத்து’ என்று பெயர். அவர் கட்டிய பெட்டிக்குள் எதுவும் அசையாது என்பதால் வந்த பட்டம். பெட்டியை ஒட்டி முடித்ததும் காதோரம் தூக்கிக் குலுக்குவார். உள்ளே லேசாக ‘கிலுக்’ என்றாலும் போதும், முகம் சுருங்கிவிடும். பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கட்டிய பெட்டியை லாரியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கும் கண்ணாடிக் கோப்பைக்குத் தூக்கம்கூடக் கலையாது என்று லாரி டிரைவர் சொல்வதுண்டு. உருட்டிவிடுகிறவரும் அவரே என்பதால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சாப்பாட்டு டப்பா வந்து சேர்ந்தது.

காரணம், அவர் மனைவியைத் தையல் கம்பெனியில் விடியற்காலை ஷிப்டுக்குச் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். அந்தச் செய்தியைக் கிடங்கு முழுக்கச் சொல்லி, கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்லி, எடை மெஷினிடம் மட்டும்தான் அவர் இன்னும் சொல்லவில்லை. வீட்டிலும் மனைவியைச் சூப்பர்வைசர் என்றே அழைக்க ஆரம்பித்தார். நாமும் அப்படியே அழைத்துவிடுவோம்.

“டப்பாவை நான் பாத்துக்கறேன். பேக்கிங்தானே? நம்ம பொழப்பே அதுதான்” என்றார்.

“இந்த வாரம் பாப்பேன்” என்றார் சூப்பர்வைசர். “புள்ள பட்டினியா வந்தா, பதவியாவது ஒண்ணாவது, பழைய ஷிப்டுக்கே போயிடுவேன்.”

மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். நடக்கத் தெரியும், ஆனால் குதித்துப் போவதைத்தான் விரும்புவாள். முதல் நாள் அவர் ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் மூன்றையும் டப்பாவில் போட்டு மூடி அனுப்பினார். சாயங்காலம் டப்பா நிறைந்தபடியே வந்தது. திறந்தால் எது ரொட்டி, எது பழம் என்று பிரித்துச் சொல்ல ஒரு நிபுணர் குழு தேவைப்பட்டிருக்கும்.

“அப்பா, உள்ள அடிதடி நடந்திருக்கு” என்றாள் சுண்டெலி. “வாழைப்பழம்தான் ஆரம்பிச்சிருக்கும்.”

தான் கட்டிய பெட்டிக்குள் சேதம்! அவருக்கு மானமே போன மாதிரி இருந்தது. நேராகப் பெரிய கடைக்குப் போனார். கரடிமுக மூடியும் உள்ளே அறை அறையாகத் தடுப்பும் உள்ள டப்பா ஒன்றைத் தூக்கினார். அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அதே இடத்தில் மெதுவாக வைத்தார். பிறகு தெருமுனையிலுள்ள ‘எது எடுத்தாலும் ஒரே விலை’ கடைக்குப் போய், கேக் சுடுகிற ரப்பர் கிண்ணங்கள், பிஸ்கட் வெட்டுகிற நட்சத்திர அச்சு, தலையில் குட்டி மிருகங்கள் உட்கார்ந்திருக்கும் குச்சிகள் எல்லாம் வாங்கினார். ரொட்டியை வட்டமாக வெட்ட வீட்டிலேயே ஜாம் பாட்டில் மூடி இருந்தது. அதை அழுத்தி இழுத்தால் முழு நிலா, பாதி நகர்த்தி இன்னொரு முறை அழுத்தினால் பிறை.

மறுநாள் காலை பழைய டப்பாவுக்குள் ஒரு வானமே இறங்கியிருந்தது. ரொட்டி நிலா, கேரட் நட்சத்திரங்கள், ரப்பர் கிண்ணத்தில் முட்டை. சந்துபொந்துகளில் எல்லாம் வெள்ளரித் துண்டு. அதற்கும் மிஞ்சிய இடைவெளியில் திராட்சை. குலுக்கினார். சத்தமில்லை. அவரை அழைத்துப் போக வந்த டிரைவர், மாடிப்படியிலிருந்து ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

“அண்ணே, இது சாப்பாடா, ஏற்றுமதியா?”

சாயங்காலம் டப்பாவைத் திறந்தார். நட்சத்திரங்கள் அந்தந்த இடத்தில் இருந்தன.

“இங்க வந்து பாரேன்! ஒரு திராட்சை நகரலை!”

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். “நகரலைங்க. வாய்க்குள்ளயும் ஒண்ணும் நகரலை.”

கழுத்திலிருந்த புது அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வாரக்கடைசி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே சொல்லிடறேன்.”

அந்த அட்டையைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. மகளிடம் கேட்டார். “பிடிக்கலையாடா?”

“ரொம்பப் பிடிச்சுதுப்பா! எல்லாரும் வந்து பாத்தாங்க. டீச்சர்கூட. ஆனா எடுக்க வரலை.”

எடுத்துக் காட்டினாள். குட்டி நகம் நட்சத்திரத்தின் ஓரத்தில் வழுக்கியது. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள். ஒன்றும் விழவில்லை. ஒரு கணம் அவருக்குள் பெருமை எழுந்து நின்றது. சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டது.

“இப்படியே பண்ணிட்டிருந்தேன், பெல் அடிச்சிருச்சு” என்றாள்.

லாரிக் கதவு சாத்தியதோடு அவருக்கும் பெட்டிக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் தான் கட்டிய பெட்டியை யாரும் பிரித்து அவர் பார்த்ததே இல்லை. எங்கெங்கோ யார் யாரோ கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து தன்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மேசையிலிருந்த அட்டையை எடுத்துச் சூப்பர்வைசர் கழுத்திலேயே மறுபடி மாட்டினார். “நாளைக்கு ஒரு நாள் குடு.”

விளக்கு வைத்ததும் ஒத்திகை தொடங்கியது. அவர் அடுக்கினார், சுண்டெலி பிரித்தாள். விரல் போகாத இடத்தில் எல்லாம் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முட்டையில் யானைக்குச்சி, வெள்ளரியில் முயல்குச்சி. நிலாவுக்கு அடியில் எண்ணெய் ஒட்டாத தாள் ஒரு பட்டை. அதன் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இதைப் பிடிச்சு இழு.”

இழுத்தாள். நிலா உதித்தது. “ஐ! அப்பா, நிலாவுக்கு லிப்டு!”

சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று, தையல் பிரிகிறதா என்று பார்க்கிற அதே கண்ணோடு ஒவ்வொன்றையும் சோதித்தார். “வாலு குட்டையா இருக்கு. இன்னும் நீட்டு” என்றார். நீட்டினார். மூடியின்மேல் மேல்நோக்கிய அம்பும், உடையும் பொருளுக்கான கோப்பைப் படமும் வரைந்துவிட்டுத்தான் அசையாச் சொத்து கையைக் கழுவினார்.

மறுநாள் வேலை முடிந்து, லாரியை ஓரங்கட்டிவிட்டு அவரும் டிரைவரும் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். சுண்டெலி கண்ணில் படும் முன்பே சத்தம் வந்தது. கிலுக், கிலுக், கிலுக். யானையும் முயலும் காலி டப்பாவுக்குள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. பழக்கதோஷத்தில் அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது. பாதி சுருங்கியபிறகுதான் விஷயம் புரிந்து, விரிந்தது.

“அண்ணே!” டிரைவர் மாரில் கைவைத்தார். “உங்க பெட்டி குலுங்குதுண்ணே! மானம் போச்சு!”

“நல்லாக் கேளு, தம்பி” என்றார் அசையாச் சொத்து, வாசலில் நின்ற மற்ற அப்பா அம்மாக்களுக்கும் கேட்கும்படி. “நான் கட்டின பெட்டி.”

வீட்டுக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசரின் காதோரம் டப்பாவைத் தூக்கிக் குலுக்கினார். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டே கடிகாரத்தை எடுத்து, விடியற்காலைக்கு அலாரம் வைத்தார்.