சிரிப்பு அடங்கும்வரை

பழைய நாடாளுமன்றத்தைப் பார்க்க வந்த தையற்காரியின் கைப்பையில் ஒரு ராஜினாமாக் கடிதம் இருந்தது. நகராட்சி உறுப்பினராகி இரண்டே மாதம். கடையில் அவள் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் கிடையாது. ஆனால் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சந்தையில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. சொல்ல வந்தது அவ்வளவுதான். இருபது ஆண்களுக்கு நடுவில் அந்த வார்த்தை வரவே இல்லை. இரண்டு கூட்டத்திலும் எழுந்தாள், உட்கார்ந்தாள், சிரித்தார்கள். நாளை மூன்றாவது கூட்டம். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தையல் மிஷினே கதி என்று இருந்துவிடலாம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

முகம் வாடிக் கிடந்தவளைத் தன்னோடு அழைத்து வந்தது நாத்தனார். அவள் அங்கே வழிகாட்டி. நாடாளுமன்றம் புதுக் கட்டடத்துக்குப் போனபின் இந்த மண்டபம் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த அவைக் குறிப்பைக் காட்டி, இங்கே தும்மினால்கூட எழுதிவிடுவார்கள் என்றாள் நாத்தனார். முதல் பெண் உறுப்பினரைப் பற்றி மூன்று நாள் தொடர்ந்து ஒரே குறிப்பு: ‘உறுப்பினர் எழுந்தார். பேசவில்லை. அமர்ந்தார்.’

சுற்றிப் பார்க்க வந்திருந்த கூட்டம் சிரித்தது. தையற்காரிக்குக் காது சுட்டது. இருந்தும் வாய் தன்னால் திறந்தது.

“அப்புறம்?”

“நாலாவது நாள் பேசினாங்க அண்ணி. ஒரே வரி.”

அடுத்த பக்கத்தில் அது இருந்தது. ‘இந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. (பலத்த சிரிப்பு.) சிரிப்பு அடங்கும்வரை உறுப்பினர் நின்றுகொண்டிருந்தார்.’

கட்டியவர்களுக்குப் பெண் ஒருத்தி உறுப்பினராக வருவாள் என்ற நினைப்பே இல்லையாம். பாவம் அந்த அம்மாள், அவசரத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தோழி வீட்டுக்கு ஓடுவாராம். திரும்புவதற்குள் வாக்கெடுப்பு முடிந்திருக்கும். பேசிய மூன்றாம் மாதம் கழிப்பறை வந்தது. நடைவழிக் கோடியில் தெரியும் நீலக் கதவுதான் அது என்றாள் நாத்தனார்.

தையற்காரி நேரே அங்கே போனாள். பித்தளைத் தாழ்ப்பாள், எத்தனையோ கை பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் எறிந்தாள். மனசு லேசாயிற்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“தலைவர் அவர்களே, சந்தையில பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.”

முதலில் முணுமுணுப்பு. இரண்டாம் முறை கொஞ்சம் சத்தம். மூன்றாம் முறை சுவர் எதிரொலித்தது.

நாத்தனார் கதவைத் தட்டினாள். “அண்ணி, உள்ளே யார்கிட்ட பேசுறீங்க? வெளியே வரிசை நிக்குது.”

“தலைவர்கிட்ட.”

வரிசையில் நின்ற பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தையற்காரி தாழ்ப்பாளைத் திறந்து வாசலில் நின்றாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள்.