மேல் கிண்ணம் திறந்த மதியம்

டெரெக் ஹாலோவே லார்க் க்ரீக் என்ற பனிமலை ஊருக்கு வந்தபோது அவனிடம் இருந்தது ஓர் ஓட்டைக் காரும் ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகையும்தான். இதை மார்னி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள்; கேட்காதவர்களிடமும் சொல்வாள். டிரெய்லர் குடியிருப்பில் அவளுக்கு அடுத்த தகர வீட்டில்தான் இருந்தான். குளிரில் குழாய் உறைந்தால் அவள் வீட்டில்தான் குளியல். அவள் வைத்த பீன்ஸ் குழம்புதான் ராத்திரிச் சாப்பாடு.

சறுக்க வருபவர்களை உச்சிக்கு ஏற்றும் தொங்கு நாற்காலி லிஃப்டில் பனி அள்ளினான். பிறகு சறுக்கக் கற்றுக்கொடுத்தான். தொங்கு நாற்காலி உச்சிக்குப் போகும்வரை பக்கத்தில் இருப்பவர் இறங்கி ஓட முடியாது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தான். டெக்ஸாஸ் பல் டாக்டர் ஒருவர் காலடியில் பாதாளம் தெரிய, மேலே போய்ச் சேருவதற்குள் ஒரு மலைவீட்டை வாங்கத் தலையாட்டிவிட்டார். அப்புறம் டெரெக்குக்கு ஏறுமுகம்தான். விற்பனையாளன் மேலாளராகி, இப்போது மலையையும் லிஃப்டையும் நடத்தும் கம்பெனியின் நிலப் பிரிவுக்குத் துணைத் தலைவர். வருஷத்தில் இரண்டு வாரம் மட்டும் விளக்கெரியும் வீடுகளாகச் சரிவு முழுக்கக் கட்டித் தீர்த்தவரின் கண், கடைசியில் டிரெய்லர் குடியிருப்பில் வந்து நின்றது. அங்கே ஹோட்டல் வரப்போகிறதாம்.

நிலம் கம்பெனியுடையதுதான். ஆனால் ஹோட்டல் கட்ட நகர மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். வியாழன் மதியம் பொது விசாரணை. குடியிருப்பு மொத்தமும் மன்றத்தில் போய் உட்கார்ந்தால் எந்த உறுப்பினருக்கும் கை தூக்கத் துணிவு வராது என்பது மார்னியின் கணக்கு. வீடு வீடாகப் போய்ச் சத்தியம் வாங்கினாள்.

புதன் இரவு முழங்கால் அளவு பனி கொட்டியது. அந்த ஊரில் அப்படிக் கொட்டினால் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு மலைக்குப் போய்விடுவார். யாரும் கோபிப்பதில்லை, அவரைத் தேடுகிறவரும் மலையில்தான் இருப்பார். ஆள் மேல் பனி சரியாமலிருக்க, காலையிலேயே வெடி வைத்து அதைச் சரித்து முடித்தாகிவிட்டது. ஆனாலும் மேல் கிண்ணம் என்கிற உச்சிச் சரிவில் தடுப்புக் கயிறு அவிழவில்லை. விசாரணைக்கு அரை மணி முன்புதான் அவிழ்ந்தது. உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டணமும் இல்லையாம்.

மார்னியின் புருஷன் ரஸ் சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஒரே ஒரு ரவுண்டு, மார்னி. நேரா மன்றத்துக்கு வந்துடறேன்.”

“இருக்கற வீடு போகுது, உனக்கு ரவுண்டு கேக்குதா?”

“வீடு இன்னைக்கே போயிடாது. இந்தப் பனி நாளைக்கு இருக்காது.”

மன்றத்தில் காலி நாற்காலிகளுக்கு நடுவே மார்னி ஒருத்திதான். மன்றத் தலைவி கோரின் தொண்டையைச் செருமினாள்.

“உங்க ஆளுங்க யாரையும் காணோமே. பெருசா எதிர்ப்பு இல்லபோல.”

“எங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும், கோரின். நீங்களும் சறுக்கு பேண்டோடதான் உக்காந்திருக்கீங்க. கூட்டத்தத் தள்ளி வைங்க.”

கோரின் தன் பேண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “உங்களுக்குப் பேச மூணு நிமிஷம். ஓடிட்டிருக்கு.”

மார்னி பேசினாள். உறுப்பினர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

அவள் நேரே லிஃப்ட் அடிவாரத்துக்குப் போனாள். குடியிருப்பே வரிசையில் நின்றது, தாடியெல்லாம் பனியோடு. நடுவில் டெரெக். ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள்.

“தங்கமான மனுஷன்யா. நம்மள மறக்கலயே.”

“மார்னி, பலகை எடுத்துட்டு வரலையா?” என்றான் டெரெக், பழைய பாசத்தோடு.

“எங்க வீட்டுல தின்னு வளந்தவன் நீ,” என்றாள் அவனிடம். “ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு,” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். “எல்லாரும் காலி பண்ணணும். காலையிலயே தயாரா இருந்த கிண்ணத்த மதியம் வரைக்கும் யார் பூட்டி வச்சதுன்னு இவனக் கேளுங்க.”

டெரெக் நெற்றியிலிருந்த சறுக்குக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி விட்டுக்கொண்டான். வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எப்பக் காலி பண்ணணும்?”

“மே மாசம்.”

“மே மாசமா,” என்றது குரல், நிம்மதியோடு. “அப்ப இந்த சீசன் முழுக்க இருக்கலாம்.”

டெரெக்மீது வந்த கோபத்தையெல்லாம் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்திருந்தவளுக்கு, அதை முதலில் யார் தலையில் போடுவது என்று தெரியாமல் போயிற்று. ரஸ் மட்டும் குனிந்து பலகையைக் கழற்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகினான். அவன் விட்ட இடத்தை நிரப்ப, மற்றவர்கள் ஓரடி முன்னே நகர்ந்தார்கள்.