வழுக்கு நாடி

1

இந்தக் கதையை நான் காலால் மிதித்தேன். சீனாவில், செங்டுவில், எங்கள் தெருமுனையில், ஈரம் காயாத கஷாயச் சக்கை. குடித்தவரின் நோய் மிதிப்பவரின் காலோடு போய்விடும் என்று இங்கே கொட்டுவார்கள்.

மேல்வீட்டுத் தான் யூன் ஓடிவந்தாள். பின்னால் துடைப்பத்தோடு அவள் கணவன் கோங் ஃபெய்.

“ஐயோ அத்தை, மிதிச்சிட்டீங்களா? கொட்டாதேன்னு சொன்னேன். இவன் அவங்கம்மா பேச்சைக் கேட்டு...”

“என்னடி நோய்?”

“சினைப்பையில நீர்க்கட்டி. தீட்டு ஒழுங்கா வர்றதில்ல.”

“எனக்கு அதெல்லாம் நின்னு எவ்வளவோ வருஷமாச்சு. என்கிட்ட வந்தா அது பட்டினிதான் கிடக்கும்.”

ஃபெய் சிரித்துவிட்டான்.

“சிரிக்காத. கீழ்வீட்டுப் பொண்ணு மிதிச்சிருந்தா? கூட்டித் தள்ளு,” என்றாள் யூன்.

2

கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘அவள் ஒரு குழந்தைக்காக ஏங்கி...’

[அடித்துவிட்டேன். அவள் முதலில் கேட்டது மாதவிலக்கை. அது வந்தால்தானே மற்றது.]

இன்னொன்று: ‘கசப்பு என்பது...’

[இல்லை.]

ஃபெய்யிடம்தான் சிக்கல். காலையில் எழுந்து மண்சட்டியில் மருந்து காய்ச்சி, முதல் வாயைத் தானே குடித்துப் பார்த்துவிட்டு மனைவிக்குத் தரும் கணவன். எழுதினால் பொய்போல இருக்கிறது. அவன் முகம் சுளிப்பதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

3

அவனுக்கு வேலை. மருத்துவரிடம் யூனுக்குத் துணையாக நான் போனேன்.

“நாக்கை நீட்டு,” என்றார் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா பாய். “காப்பி குடிச்சியா?”

“ஒரு வாய்தான் டாக்டரம்மா.”

“இந்த நிறத்துக்கா? ஒரு குவளை. கையைக் குடு.”

மணிக்கட்டில் மூன்று விரல்கள். மற்றக் கை. மறுபடி முதல் கை.

“நாடி வழுக்குது.”

(விரலடியில், தட்டில் முத்து உருள்வதுபோல. உடம்பில் கபமும் ஈரமும் தேங்கினால் அப்படி ஓடும். யூனின் நோய்க்கு இங்கே சொல்லும் காரணம் அதுதான். கர்ப்பிணிக்கும் அப்படியே ஓடும்.)

யூனுக்கும் அது தெரியும். “எந்த வழுக்கல்?”

“என் விரல் அதைச் சொல்லாது பொண்ணு. ரத்தம் குடுத்துப் பாரு. அதுவரைக்கும் தீட்டு வர வைக்கிற மருந்தைத் தொடாத.”

விரல்களை எடுக்கப் போனார்.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க டாக்டரம்மா,” என்றாள் யூன், கண்களை மூடிக்கொண்டு.

4

ஒரு முடிவு: ஆம், கர்ப்பம். ஃபெய் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கிறான்.

மற்றொரு முடிவு: இல்லை. சட்டி மறுபடி அடுப்பில். அவன் முதல் வாயை...

[இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் கண்களைத் திறக்க வேண்டியிருக்கிறது.]

பாய் விரல்களை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே அடுத்த ஆள் இருமினார். ‘அவள் முகத்தில் அப்போது...’

[அது அவளுடையது.]

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். விரல்களை எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் எடுங்கள். மெதுவாக.