ஜெல் உறையும் இடம்

இலவசம் என்று விளம்பரத்தில் சொன்னதுதான் மேர்வினுக்கு முதலில் உறுத்தியது.

ஹட்டனில் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. புதுப் பெயின்ட் நாற்றம். மேசைக்குப் பின்னால் கிஷாந்த்; டொக்டர் இல்லை, இணைப்பாளராம். மேர்வினுக்குப் பக்கத்தில் அவனுடைய மாமனார் சூசைரட்ணம், கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில். லிந்துலைத் தோட்டத்தில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு. பெரியாஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். செத்துப்போன தசை செத்ததுதான் என்றார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

"ஸ்டெம் செல்லை ஜெல்லில கலந்து ஊசியா போடுறோம் சேர். ஒடம்புச் சூட்டுக்கு ஜெல் உறைஞ்சிரும். செல் அங்கயே தங்கிப் புதுத் தசை வளர்க்கும். ஐயா மறுபடி மலை ஏறலாம்."

"கேட்டீங்களா மாப்ள?" சூசைரட்ணம் பேனாவை எடுத்துவிட்டார்.

மேர்வின் அதை வாங்கிக்கொண்டான். சம்மதப் படிவம் ஒன்பது பக்கம், முழுதும் ஆங்கிலம். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி யூஜினாவின் ஒப்பரேஷனுக்கு நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான். அவள் உயிரோடு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பஸ் டிக்கட்டைக்கூட வாசிக்கிறான்.

"ஊசி எங்க போடுவீங்க?"

"கையில சேர். நரம்புல."

"நானும் வாசிச்சேன். இதயத் தசைக்குள்ளயே ஏத்திப் பாக்கிறாங்க. அதுவும் இன்னும் சோதனையிலதான் இருக்கு."

"எங்களது புது முறை. ரத்தம் எல்லா எடத்துக்கும் போகுதுதானே?"

"ஒடம்புச் சூட்டுக்கு உறையும்னீங்க. கை நரம்புல சூடு இல்லையா?"

கிஷாந்த் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "டொக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

"இப்பவே கேளுங்க."

"மீட்டிங்ல இருக்காரு."

"என்னா மாப்ள, ஒங்க கிளாஸ்ல பாடம் கேக்கிற மாதிரி கேட்டா அந்தப் புள்ள என்னா செய்யும்?" என்றார் சூசைரட்ணம். "நான் தயாராத்தான் வந்திருக்கேன். பத்து நாளா ஆஸ்பத்திரி மாத்திர ஒன்னும் போடல."

மேர்வின் பேனாவை மேசையில் வைத்தான். கிஷாந்தைப் பார்த்தான்.

"சத்தியமா நான் சொல்லல சேர்!"

"யாரும் சொல்லல. கவ்வாத்துக்கு முன்னாடி உரத்த நிப்பாட்டுவோம்ல? செடி ஓஞ்சு கெடந்தாத்தான் வெட்டுன எடத்துல நல்லாத் தளிர்க்கும்." பெருமையாகவே சொன்னார்.

இத்தனை நாளும் மேர்வின் இந்த அறையைச் சந்தேகப்பட்டான். விளம்பரத்தை, இலவசத்தை, ஆங்கிலத்தை. வீட்டு அலுமாரியில் இருந்த மாத்திரை அட்டையை ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

"ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம இருக்கத்தான் அந்த மாத்திர, மாமா. நெஞ்சு வலிச்சிச்சா?"

சூசைரட்ணம் தரையைப் பார்த்தார். "ரெண்டு நாளா கொஞ்சம் இறுக்கிச்சு. சொன்னா ஊசி போடமாட்டாங்கன்னு…"

"எந்திரிங்க."

"சேர், கையெழுத்து?" என்றான் கிஷாந்த்.

மேர்வின் அவரை ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரி வளைவில் கிழவர் சொன்னார்: "மக குழி மேட்டு உச்சியில இருக்கு மாப்ள. ஏறிப் பாக்கணும். நீங்க மட்டுந்தானே போறீங்க."

"நானும் போறதில்ல மாமா."

சூசைரட்ணம் திரும்பிப் பார்த்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தார், மறு கையால் மேர்வினின் முழங்காலை.

வாசலில் சக்கர நாற்காலி காலியாக இருந்தது. மேர்வின் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே, வந்த நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னான்: பத்து நாளாக மாத்திரை போடவில்லை, வீட்டில் நான் பார்க்கவில்லை.